துப்பாக்கி உரிமை: வாசகர் கேள்விகள்

கே: வேட்டைக்கார நாடு என்பதால்தானே அமெரிக்காவில் துப்பாக்கி உரிமை கொடுத்தார்கள்?

ப: இல்லை. அந்த உரிமையைத் தரும், 1791-ல் வந்த அமெரிக்க அரசியல் சாசனத்தின் இரண்டாவது திருத்தத்தில் வேட்டை என்ற சொல்லே கிடையாது. ஒரே ஒரு வாக்கியம்தான், படித்துவிட்டுக் கேளுங்கள்.

கே: இந்த யோசனை யாருடையது?

ப: இங்கிலாந்திலிருந்து வந்தது. கத்தோலிக்கரான இரண்டாம் ஜேம்ஸ் மன்னர் புராட்டஸ்டண்டுகளின் ஆயுதங்களைப் பறித்தார் என்ற கோபத்தில், 1689 உரிமைச் சட்டம் அவர்கள் ஆயுதம் வைத்துக்கொள்ளலாம் என்றது. கத்தோலிக்கர்களை அது சேர்க்கவில்லை.

கே: “ஆயுத உரிமை மீறப்படக் கூடாது” என்று தெளிவாக இருக்கிறது. நீதிமன்றமும் சொல்லிவிட்டது. அப்புறம் என்ன விவாதம்?

ப: எந்த வழக்கு, எந்த ஆண்டு என்று எழுதாமல் “நீதிமன்றம் சொல்லிவிட்டது” என்றால் எப்படி? நீங்கள் காட்டுவது வாக்கியத்தின் பின்பாதி. சுதந்திர அரசின் பாதுகாப்புக்கு ஒழுங்கான மிலிஷியா (குடிமக்களே சேர்ந்த படை) அவசியம் என்பது முன்பாதி. துப்பாக்கிக்குக் கட்டுப்பாடு கேட்கும் எதிர்த்தரப்பினர் அதோடு நிறுத்திக்கொள்கிறார்கள், “மக்களின் உரிமை” என்ற சொற்களை விட்டுவிடுகிறார்கள். இருபது வருடமாக இரண்டு தரப்புக்கும் இதையே சொல்லிக்கொண்டிருக்கிறேன்: முழு வாக்கியத்தையும் படியுங்கள்.

அந்த வாக்கியத்தை எழுதியவர்கள் 1775 ஏப்ரலைக் கடந்துவந்த தலைமுறையினர். கன்கார்டில் அமெரிக்கக் குடியேற்றத்தார் சேர்த்துவைத்திருந்த ஆயுதங்களை அழிக்க, சுமார் 700 பிரிட்டிஷ் சிப்பாய்கள் பாஸ்டனிலிருந்து இரவோடு இரவாகக் கிளம்பினார்கள். வழியில் லெக்சிங்டனில் விவசாயிகள் துப்பாக்கியோடு நின்றார்கள். பிரிட்டனுக்கு எதிரான விடுதலைப் போர் அங்கேதான் தொடங்கியது. அரசு கையில் நிரந்தரப் படை இருந்து, குடிமக்கள் வெறுங்கையாக நின்றால் என்ன ஆகும் என்பதுதான் அவர்களுடைய பயம். அதனால் 1792 சட்டப்படி மிலிஷியாக்காரர் சொந்தச் செலவில் ஒரு மஸ்கட் (அக்கால நீளத் துப்பாக்கி), அதன் முனையில் மாட்டும் ஒரு பயனெட் கத்தி, இரண்டு உதிரிச் சிக்கிமுக்கிக் கல், குறைந்தது 24 தோட்டாவுக்கு ஒரு பை வாங்கி வைத்திருக்க வேண்டியிருந்தது. அது உரிமை மட்டுமல்ல, கடமையும்கூட.

நீங்கள் நினைப்பது அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 2008 ஹெல்லர் தீர்ப்பாக இருக்கலாம். ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அது தனிமனித உரிமை என்றது. அந்த உரிமைக்கு வரம்பு உண்டு என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. தீர்ப்பையும் முழுதாகப் படியுங்கள்.

கே: உரிமை எல்லாருக்கும் இருந்ததா?

ப: இல்லை. 1792 சட்டம் வெள்ளை ஆண்களை மட்டுமே மிலிஷியாவில் சேர்த்தது. உள்நாட்டுப் போருக்குப் பிறகும் தென் மாநிலங்கள் விடுதலையான கறுப்பர்களிடமிருந்து துப்பாக்கியைப் பறித்தன. சட்டத்தின் சமமான பாதுகாப்பை எல்லாருக்கும் உறுதிசெய்த 1868-ன் 14-வது திருத்தத்துக்கு அதுவும் ஒரு காரணம்.

கே: இந்தியாவில் யாரும் இந்த உரிமையைக் கேட்கவில்லையா?

ப: கேட்டார்கள். இந்தியர்கள் ஆயுதம் வைத்துக்கொள்வதைக் கட்டுப்படுத்திய பிரிட்டிஷ் அரசின் 1878 ஆயுதச் சட்டத்தின் கசப்பு இருந்ததால், 1931 கராச்சி காங்கிரஸ் தீர்மானத்தில் இதுவும் இருந்தது, கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டு. அரசியல் சாசனத்தில் இடம்பெறவில்லை. இப்போது 1959 சட்டப்படி லைசென்ஸ்தான்.