வெள்ளைப் பலகை வண்டிக்கு எதற்குப் பெர்மிட்?

கேள்வி: சொந்த உபயோகத்துக்கு (வெள்ளை நம்பர் பலகை) பதிவான பழைய 12 இருக்கை டெம்போ டிராவலர் ஒன்றை வாங்கியுள்ளேன். இருக்கைகளைக் கழற்றிவிட்டுப் படுக்கையும் சமையல் மேடையும் அமைத்து, மனைவியுடன் ஸ்ரீநகர் வரை சென்று வர விருப்பம். மாநிலத்துக்கு மாநிலம் பெர்மிட் வேண்டும் என்று சொல்லி ஒரு தரகர் 40,000 ரூபாய் கேட்கிறார். பயணம் முடிந்ததும் வண்டியைப் பெங்களூரில் மகன் வீட்டில் நிறுத்த எண்ணம். அதில் சிக்கல் வருமா? - ஓய்வுபெற்ற ஆசிரியர், குடியாத்தம்.

பதில்: அந்தத் தரகருக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். பெர்மிட் என்பது வாடகைக்கோ தொழிலுக்கோ ஓடும் 'போக்குவரத்து வாகனங்களுக்கானது'. சொந்த உபயோகத்துக்கான கேம்பர் வேனை (படுக்கை, சமையல் வசதியுள்ள வண்டியை), போக்குவரத்து வாகனம் அல்லாதவற்றின் பட்டியலில் மத்திய அரசு 2004-ஆம் ஆண்டிலேயே சேர்த்துவிட்டது. தமிழ்நாட்டுப் பதிவு நாடு முழுவதும் செல்லும். ஆந்திர எல்லையில் உள்ள கிறிஸ்டியான்பேட்டை சோதனைச் சாவடியைத் தாண்ட முடியாது என்று தரகர் மிரட்டினால், எந்தச் சட்டப் பிரிவின்படி என்று எழுதித் தரச் சொல்லுங்கள். அதோடு ஆள் வரமாட்டார்.

தங்களுக்கு உண்மையான தொல்லை வேறிடத்தில் இருக்கிறது. தாங்கள் அனுப்பிய ஆர்.சி. (பதிவுச் சான்று) நகலில் வாகன வகை 'ஆம்னி பஸ் - தனியார் உபயோகம்' என்றும், ஓட்டுநர் உட்பட இருக்கை 13 என்றும் உள்ளது. உள்ளே இரண்டு இருக்கையும் ஒரு கட்டிலும் இருந்தால், காகிதம் ஒன்று, வண்டி வேறொன்று என்றாகிவிடும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு இதைத்தான் தடுக்கிறது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் முதலில் பிடித்துக்கொள்வதும் இதைத்தான். ஆகவே வெல்டிங் பட்டறைக்குப் போவதற்கு முன்பே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்துமூலம் அனுமதி கேளுங்கள். இத்தகைய வண்டிகளுக்கென, அதாவது மோட்டார் கேரவன்களுக்கென, ஏ.ஐ.எஸ். 124 என்ற தரநிலை உண்டு. அதன்படி ஒப்புதல் பெற்ற, வண்டிக்கு பாடி கட்டுபவரிடம் மட்டுமே வேலையைக் கொடுங்கள்.

'முதலில் கட்டிவிடுங்கள், பிறகு ஆர்.சி.யில் மாற்றித் தருகிறேன்' என்பவரை நம்பி, கட்டிய அலமாரிகளை எல்லாம் பிரித்தெடுத்த இருவரை நான் அறிவேன். அலுவலகச் சாளரத்தில் கேட்டால் ஒரு வரியில் முடியும் பதிலை, வாசலில் இருக்கும் ஜெராக்ஸ் கடைக்காரரிடம் கேட்கச் சொல்லி அனுப்பும் வழக்கம் இருக்கும்வரை இத்தகைய தரகர்களின் பிழைப்பு நடந்துகொண்டுதான் இருக்கும். வரியை மிச்சப்படுத்தப் புதுச்சேரி முகவரியில் பதிந்து தருகிறேன் என்பவரையும் அண்ட விடாதீர்கள். குடியில்லாத முகவரி கொடுப்பது பொய்ச் சான்று.

பெங்களூர் விஷயத்தைச் சற்றே விளக்க வேண்டும். ஒரு மாநிலத்தில் பதிந்த வண்டியை வேறொரு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால், அங்கே புதுப் பதிவெண் பெற வேண்டும் என்கிறது 47-ஆவது பிரிவு. பல மாநிலங்களைக் கடந்து செல்லும் பயணத்துக்கு இது பொருந்தாது. ஒரே மாநிலத்தில் வண்டி தங்கிவிடுவதற்குத்தான் பொருந்தும். மகன் வீட்டில் எட்டு மாதம் நின்று, குடியாத்தம் வந்து சில வாரம் இருந்துவிட்டுத் திரும்பிப் போனால் தங்கள் பக்கம் வலுவானதுதான், ஆனால் வந்து போனதை நிரூபிக்கும் பொறுப்பு நடைமுறையில் தங்கள் தலையில்தான் விழும். பாஸ்டேக் கணக்கில் பள்ளிகொண்டா சுங்கச்சாவடியில் பணம் கழிந்த தேதிகளை அச்செடுத்து வண்டியிலேயே வையுங்கள். வண்டி அங்கேயே நிலையாக நிற்கப் போகிறது என்றால், வேலூரில் தடையில்லாச் சான்று வாங்கிப் பதிவை மாற்றிக்கொள்வதே மேல்.

ஓட்டுநர் உரிமம் குறித்துக் கவலை வேண்டாம். மொத்த எடை 7,500 கிலோவுக்குள் இருக்கும்வரை இலகுரக உரிமம் போதும்.

சமையல் மேடையில் 14.2 கிலோ வீட்டுச் சிலிண்டரை வைக்கும் எண்ணம் இருந்தால் அதை இன்றே கைவிடுங்கள். 2023 ஆகஸ்டில் மதுரை ரயில் நிலையத்தில் நின்றிருந்த சுற்றுலாப் பெட்டியில் ஒன்பது பேர் கருகியது, விதியை மீறி உள்ளே வைத்திருந்த சிலிண்டரால்தான்.