சிட்னி 11 மணி நேரம்தானா?

கேள்வி: கோவை–சிட்னி 11 மணி நேரம் என்று தூரம் காட்டும் தளம் ஒன்றில் பார்த்தேன். ஏஜென்ட் கொடுத்த டிக்கெட்டில் கழித்துப் பார்த்தால் 24 மணி நேரம் வருகிறது. ஏமாற்றுகிறாரா? (குன்னூர் வாசகி)

பதில்: ஏஜென்ட் இல்லை, அந்தத் தளம்தான். இவர்கள் மேல் எனக்கு ரொம்ப நாள் கோபம். உருண்டை மேல் நூல் பிடித்த மாதிரி சுமார் 9,300 கி.மீ. என்று அளப்பது, மணிக்கு 850 என்று வகுப்பது, 11 என்று போட்டுவிடுவது. அந்தக் கோட்டில் பயணிகள் விமானம் எதுவும் போவதில்லை. கோவையிலிருந்து சிங்கப்பூர் நாலேகால் மணி நேரம், அங்கிருந்து சிட்னி கிட்டத்தட்ட எட்டு. அப்புறம், டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். சிட்னி நம்மைவிட நாலரை மணி முன்னால். அக்டோபரிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரை ஐந்தரை. நாலரையைக் கழித்தால் உங்கள் 24, பத்தொன்பதரை ஆகிறது. அதில் ஏழு மணி நேரத்துக்கு மேல் சிங்கப்பூரில் சும்மா உட்காருகிறீர்கள். ஏஜென்டிடம் சண்டை போடுவதானால் அதற்குப் போடுங்கள். மழை நாளில் குன்னூரிலிருந்து பர்லியாறு வழியாகக் கோவைக்கு இறங்க ஆகும் நேரத்தை எந்தத் தளமும் காட்டாது. அதையும் நீங்களே கூட்டிக்கொள்ள வேண்டும்.

கேள்வி: பெங்களூரில் விடிகாலை விமானம். கூடலூரிலிருந்து இரவு ஒன்பதரைக்குக் கிளம்பினோம். கர்நாடக எல்லையில், கக்கநல்லா செக்போஸ்டில் நிறுத்திவிட்டார்கள். டாக்ஸிக்காரர் மேல் கேஸ் போடலாமா?

பதில்: பந்திப்பூர் காட்டு ரோடு இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும் என்பது கூடலூரில் பால் ஊற்றுபவருக்கும் தெரியும். வண்டியை ஒன்பதரைக்கு வரச் சொன்னது யார்?

கேள்வி: சென்னையிலிருந்து லண்டன் போக அதிக நேரம், திரும்பக் குறைவு. ஏன்?

பதில்: உயரத்தில் காற்று மேற்கிலிருந்து கிழக்கே அடிக்கிறது. போகும்போது எதிர்க்காற்று, திரும்பும்போது பின்காற்று.

கேள்வி: நீண்ட பயணத்துக்கு எந்த டிராலி பெட்டி நல்லது?

பதில்: சக்கரத்தைப் பாருங்கள், வாரன்டியைப் பார்க்காதீர்கள். ‘ஆயுள் வாரன்டி’ பெட்டி ஒன்று வாங்கினேன். ஊட்டி சேரிங் கிராஸ் இறக்கத்தில் ஒரு சக்கரம் தனியாக உருண்டு ஆட்டோவுக்கு அடியில் போனது. வாரன்டியில் சக்கரம் சேராதாம்.

கேள்வி: கோவை–சிங்கப்பூர் விமானம் தாமதம், அடுத்த விமானம் போய்விட்டது. ‘கனெக்டிங்’ என்று சொல்லித்தான் ஏஜென்ட் விற்றார். இப்போது பார்த்தால் இரண்டு தனி டிக்கெட். 62,000 ரூபாய் போச்சு. (கோத்தகிரி)

பதில்: படித்ததும் வயிறு எரிந்தது. பி.என்.ஆர். (டிக்கெட்டின் பதிவு எண்) வேறு வேறு என்றால் இரண்டாவது விமான கம்பெனி கைவிரிக்கத்தான் செய்யும். ஏஜென்டை விடாதீர்கள். ‘கனெக்டிங்’ என்று அவர் அனுப்பிய வாட்ஸ்அப்பை அழிக்காமல் பிரின்ட் எடுங்கள். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன். சரிவரவில்லையா, ஊட்டியில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. ஏஜென்ட் ஆபீஸ் எங்கே இருந்தாலும், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். நீங்கள் ஏஜென்டுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை. இரண்டு வருஷம் கெடு உண்டு. அதற்காகத் தள்ளிப்போட வேண்டாம், இந்த வாரமே எழுதுங்கள்.