பச்சை முகப்புச் சுமோ: கேள்வி பதில்

சீக்கோ நிறுவனம் 2019இல் வெளியிட்ட பச்சை முகப்புச் சுமோ என்னும் முக்குளிப்புக் கடிகாரத்தை ஐந்து ஆண்டுகளுக்கு மேலாகக் கட்டிவருகிறேன். அதைப் பற்றி நண்பர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன்.

கேள்வி: படத்தில் பளிச்சென்று இருந்த பச்சை, வீட்டுக்குள் ஏன் கறுத்துத் தெரிகிறது?

பதில்: முகப்பின் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நுண்ணிய கோடுகள் இழைக்கப்பட்டிருப்பதால், ஒளி வாகாக விழும் பகுதி மட்டும் மின்னுகிறது, மற்றது இருண்டுவிடுகிறது. காலை வெயிலில் மணிக்கட்டைச் சற்றே திருப்பிப் பாருங்கள்; வெயில் படும் இடம் கொழுந்து வெற்றிலையாகவும், நிழல் விழும் இடம் முற்றிய வெற்றிலையாகவும் மாறிமாறித் தெரியும். இந்த நிறமாற்றத்துக்காகத்தான் நான் இதை வாங்கினேன்.

கேள்வி: ஐயா, 200 மீட்டர் என்று போட்டிருக்கிறதே, கடலில் குளிக்கலாமா?

பதில்: தாராளமாகக் குளிக்கலாம். ஐஎஸ்ஓ 6425 என்னும் பன்னாட்டுத் தரத்தின்படி, முக்குளிப்புக் கடிகாரத்தை அதில் குறிப்பிட்டுள்ள ஆழத்துக்குரிய அழுத்தத்தைவிட 25 விழுக்காடு கூடுதலான அழுத்தத்தில் சோதிக்கிறார்கள். ஆனால் அது புதுக் கடிகாரத்துக்கான சோதனை. தண்ணீரைத் தடுப்பவை பின்மூடியிலும், நேரம் திருத்தும் குமிழிலும், கண்ணாடியின் ஓரத்திலும் இருக்கும் கேஸ்கட்டுகள் என்னும் அடைப்பு வளையங்கள். வியர்வையும் சோப்பும் வெந்நீரும் பட்டுப்பட்டு அவை இறுகி நெகிழ்வை இழந்துவிடும். அடிக்கடி நீந்துபவர் ஆண்டுக்கு ஒருமுறை அழுத்தச் சோதனை செய்துகொள்வதும், பின்மூடியைத் திறக்கும் போதெல்லாம் கேஸ்கட்டை மாற்றச் சொல்வதும் நல்லது. கடலிலிருந்து வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, கழுவும்போதே முகப்பைச் சுற்றியுள்ள வெளிவளையத்தைச் சுற்றிவிட்டால், அதனடியில் தங்கிய உப்பும் மணலும் வெளியேறும்.

அதைவிட முக்கியமானது குமிழ். ஒருநாள் நேரத்தைத் திருத்திவிட்டு, குமிழை முழுதாகத் திருகாமலே பாத்திரம் கழுவிவிட்டேன். இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால், கண்ணாடியின் உட்புறம் நான்காம் எண் பக்கமாகப் பிறைபோல ஆவி படிந்திருந்தது. அன்றைக்கே கடையில் கொடுத்துத் திறந்து உலர்த்தியதால் துரு ஏறாமல் தப்பியது. அதன்பின் குமிழை முதலில் சற்று இடப்பக்கம் சுழற்றி, மரை பொருந்துவதை விரலில் உணர்ந்த பிறகே வலப்பக்கம் திருகுகிறேன். மரையும் தேயாது, மூடியதா என்ற ஐயமும் இருக்காது.

கேள்வி: திடீரென்று ஒரே நாளில் ஐந்து நிமிடம் முந்தி ஓடுகிறது. பழுதா?

பதில்: இந்த எந்திரம் நாளொன்றுக்கு 25 விநாடி முந்துவதும் 15 விநாடி பிந்துவதும் சீக்கோவே ஏற்றுக்கொண்ட வரம்பு. ஐந்து நிமிடம் என்றால் பெரும்பாலும் காந்தம் ஏறியிருக்கும். கடிகாரத்தின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மெல்லிய சுருள்வில்லான மயிர்ச்சுருளின் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ள, அதன் நீளம் குறைந்ததுபோலாகி வேகம் கூடுகிறது. ஒலிபெருக்கியின் மேலும் காந்த மூடியுள்ள டேப்லெட்டின் மேலும் கடிகாரத்தை வைக்காதீர்கள். கடையில் சில விநாடிகளில் காந்தத்தை நீக்கிவிடுவார்கள்.

கேள்வி: இரவில் தேதியை மாற்றலாமா?

பதில்: ஒன்பது மணிக்கும் மூன்று மணிக்கும் இடையில் வேண்டாம், பல்சக்கரம் சேதமாகலாம்.

கேள்வி: வெளிவளையம் ஏன் ஒரு பக்கம் மட்டும் சுற்றுகிறது?

பதில்: முக்குளிப்பவர் இறங்கும்போது வளையத்தின் முக்கோணக் குறியை நிமிட முள்ளுக்கு நேராக வைப்பார். தவறி இடிபட்டு வளையம் நகர்ந்தாலும், கழிந்த நேரம் கூடுதலாகத்தான் காட்டும். அவர் காற்று தீருமுன்னே மேலே வந்துவிடுவார். நான் அதே குறியை வைத்து இட்லிக் கொப்பரைக்குப் பன்னிரண்டு நிமிடம் கணக்கிடுகிறேன்.