கேளுங்கள், சொல்கிறோம்: காசர்கோட்டின் மொழிகள்

கேள்வி: காசர்கோட்டில் மலையாளம், கன்னடம், துளு பற்றி மக்களின் மனப்பான்மையை எம்.ஏ. ஆய்வேட்டுக்காக விசாரிக்கிறேன். 'எந்த மொழி பிடிக்கும்?' என்று கேட்டால் எல்லாரும் 'எல்லாமே பிடிக்கும்' என்கிறார்கள். என்ன செய்வது?
(வாசகி, பாலக்காடு)

பதில்: கேள்விதான் தடை. தென் கன்னட மாவட்டத்தோடு சென்னை மாநிலத்தில் இருந்த ஊர் அது. 1956 நவம்பர் 1 அன்று கேரளத்தில் சேர்ந்தது. சந்திரகிரி ஆற்றுக்கு வடக்கே உள்ள பகுதியைக் கன்னட மாநிலத்துக்குக் கொடுக்கலாம் என்று, எல்லைத் தகராறை ஆராய அமைத்த மகாஜன் ஆணையம் பரிந்துரைத்தும் எல்லை மாறவில்லை. அதனால் உங்கள் கேள்வி அங்கே 'நீ எந்த மாநிலத்துப் பக்கம்?' என்றே காதில் விழும். அறிமுகமில்லாதவரிடம் யார் அதற்கு மனம் திறப்பார்கள்?

மாறுவேடக் குரல் சோதனை செய்யுங்கள். இரண்டு மொழியும் சரளமாகப் பேசும் மூவரை, ஒரே செய்தியை மலையாளத்தில் ஒருமுறை, கன்னடத்தில் ஒருமுறை, 40 வினாடி பேசவைத்துப் பதியுங்கள். பேருந்து நிலையத்துக்கு வழி சொல்வது போதும், அரசியல் வேண்டாம். ஆறு பதிவுகளோடு வேறு குரல்கள் இரண்டைக் கலந்து, ஒருவரின் இரு பதிவுகள் அடுத்தடுத்து வராமல் அடுக்குங்கள். எட்டுப் பேர் பேசுவதாகவே கேட்பவர் நினைக்கவேண்டும். ஒவ்வொரு குரலுக்கும் 'படித்தவர்', 'நம்பலாம்', 'பாசமானவர்' என்ற குணங்களுக்கு 1 முதல் 7 வரை மதிப்பெண் வாங்குங்கள். குரல் ஒன்றே என்பதால், மதிப்பெண்ணில் வரும் வேறுபாடு மொழிக்குக் கிடைத்தது. 1960-ல் உளவியலாளர் லாம்பர்ட்டின் குழு கனடாவின் மான்ட்ரியாலில் இப்படிச் சோதித்தபோது, பிரெஞ்சு பேசும் மாணவர்களே ஆங்கிலக் குரலை உயர்வாக மதித்தார்கள். நேரே கேட்டிருந்தால் இது வெளிவந்திருக்காது.

பெரும்பாலும் கெடுவது பதிவில்தான். ஒரு மொழியில் மட்டும் உச்சரிப்பு இடறினால், கேட்பவர் இடறலுக்குத்தான் மதிப்பெண் போடுவார். அந்தந்த மொழியைத் தாய்மொழியாகப் பேசும் நாலைந்து பேரிடம் முன்கூட்டியே போட்டுக்காட்டி, 'நம்மவரா?' என்று கேளுங்கள். துளுவையும் இப்படிப் பதிவதானால், எழுதிக் கொடுத்து வாசிக்கவைக்காதீர்கள். இன்று அது கன்னட எழுத்தில் எழுதப்படுகிறது. பேசுபவர் பலருக்கு அதைப் படித்துப் பழக்கமில்லை, வாசிப்பு இழுவையாக வரும். குறிப்பு மட்டும் கொடுத்துப் பேசவிடுங்கள்.

எல்லாக் குணங்களையும் கூட்டி ஒரே சராசரி எடுக்காதீர்கள், தயவுசெய்து. படிப்பில் ஒரு மொழியும் பாசத்தில் இன்னொன்றும் மேலே நிற்கலாம். கூட்டினால் இரண்டும் சமம் என்று பொய்யாகத் தெரியும்.

கேள்வி: மக்கள்தொகைக் கணக்கெடுப்பை வைத்தே இருமொழி நிலையைச் சொல்லிவிடலாமா?

பதில்: போதாது. 2011 படிவத்தில் தாய்மொழி தவிர இரண்டு மொழிகளுக்குத்தான் இடம். வீட்டில் துளு, பள்ளியில் கன்னடம், கடையில் மலையாளம், போதாததற்கு இந்தி என்றிருப்பவரின் ஒரு மொழி அங்கேயே உதிர்ந்துவிடும். அம்மாவிடம் எது, பிள்ளையிடம் எது, மீன் சந்தையில் எது, மனக்கணக்குப் போட எது என்று இடவாரியாகக் கேளுங்கள்.

கேள்வி: அங்கே அரசு அலுவலகத்துக்குக் கன்னடத்தில் மனு எழுதலாமா?

பதில்: எழுதலாம். கேரள ஆட்சிமொழிச் சட்டம், 1969, கன்னட, தமிழ்ச் சிறுபான்மையினருக்கு அந்த உரிமையைத் தருகிறது. சிறுபான்மைப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடங்களின் உள்ளூர் அலுவலகங்களுக்கும் அது பொருந்தும். பதிலும் அதே மொழியில் வரவேண்டும். இடுக்கி, பாலக்காட்டுத் தமிழர்களும் இதைக் கவனிக்கவேண்டும். துளு, கொங்கணி பேசுபவர்களுக்கு அந்தச் சட்டம் ஆங்கிலத்தைத்தான் அனுமதிக்கிறது.