எலக்ட்ரோலைட்டில் இரண்டு சதவீதம்: கேள்விகளும் பதில்களும்

லித்தியம் அயனி செல்களுக்கு எலக்ட்ரோலைட் கலந்து சோதிக்கும் ஆய்வகத்தில் பல வருடங்களாக வேலை செய்கிறேன். அடிட்டிவ் எனப்படும் சேர்க்கைப் பொருட்கள் பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளும் என் பதில்களும் கீழே.

பொறியியல் மாணவர்: அண்ணா, எலக்ட்ரோலைட் என்பது லித்தியம் அயனி போய்வரும் பாதை மட்டும்தானே? அதில் 2 சதவீதம் எதையோ சேர்த்தால் பேட்டரியின் ஆயுளே மாறுமா?

மாறும் தம்பி. எலக்ட்ரோலைட்டைப் பாதை என்று மட்டும் நினைப்பதால்தான் இந்தச் சந்தேகம் வருகிறது.

பெரும்பாலான செல்களில் எத்திலீன் கார்பனேட்டும், டைமெத்தில் கார்பனேட் போன்ற இளகலான ஒரு கரைப்பானும், அவற்றில் கரைந்த லித்தியம் ஹெக்ஸாஃப்ளூரோபாஸ்பேட் உப்பும் இருக்கும். செல்லின் எதிர்முனையான ஆனோடாக இருப்பது கிராஃபைட். சார்ஜ் ஏறிய கிராஃபைட்டின் மின்னழுத்தம் லித்தியம் உலோகத்தை ஒப்பிட 0.1 வோல்ட் அளவில்தான் நிற்கும். எத்திலீன் கார்பனேட்டோ 0.8 வோல்ட் பக்கத்திலேயே எலக்ட்ரானை வாங்கிச் சிதையத் தொடங்கிவிடும். அதாவது முதல் சார்ஜ் ஏறும்போதே எலக்ட்ரோலைட் கெடுகிறது. கணக்குப்படி பார்த்தால் இந்த பேட்டரி வேலையே செய்யக்கூடாது!

அதைக் காப்பாற்றுவது அந்தச் சிதைவில் வரும் கழிவுதான். அது கிராஃபைட்டின் மேல் சில பத்து நானோமீட்டர் தடிமனில் தோலாகப் படிகிறது. லித்தியம் அயனியை உள்ளே விடும், எலக்ட்ரானை வெளியே விடாது. மின்வேதியியலாளர் இமானுவேல் பெலெட் 1979ல் இதை விளக்கி வைத்த சாலிட் எலக்ட்ரோலைட் இன்டர்ஃபேஸ் என்ற பெயரின் சுருக்கம்தான் எஸ்.இ.ஐ. இந்தத் தோல் சரியாக அமையாவிட்டால் ஒவ்வொரு சார்ஜிலும் கொஞ்சம் பிய்ந்து, கொஞ்சம் வளரும். வளர்வதற்கு வேண்டிய லித்தியம் நேர்முனையான கேத்தோடில் இருந்துதான் போக வேண்டும். போனது திரும்பாது.

அடிட்டிவ் நுழைவது இங்கேதான். வினைலீன் கார்பனேட், ஆய்வகத்தில் வி.சி. என்போம், எத்திலீன் கார்பனேட்டுக்கு முன்பாகவே எலக்ட்ரானை வாங்கி, பாலிமராக இணைந்து படிந்துவிடும். தான் முதலில் அழிந்து மற்றதைக் காக்கும் பொருள். தோலே அவ்வளவு மெல்லியது என்பதால் 2 சதவீதம் போதும்.

அதே மாணவர்: அப்படியானால் தோல் நன்றாகப் படியும் கரைப்பானையே முதலில் தேர்ந்தெடுத்திருக்கலாமே?

அப்படித் தேடிக் கண்டதுதான் எத்திலீன் கார்பனேட். அதன் தம்பி மாதிரி இருக்கும் புரொப்பிலீன் கார்பனேட்டில் ஒரு மெத்தில் தொகுதி மட்டும்தான் கூடுதல். அது கடுங்குளிரிலும் திரவமாக இருக்கும். எத்திலீன் கார்பனேட்டோ 36 டிகிரி செல்சியசுக்குக் கீழே தனியாக வைத்தால் உறைந்துவிடும். கையாள்வதற்குப் புரொப்பிலீன் கார்பனேட்தான் வசதி. ஆனால் அது லித்தியத்தோடு சேர்ந்து கிராஃபைட் அடுக்குகளுக்குள் புகுந்து அவற்றை உரித்துவிடுகிறது. 1991ல் சோனி வெளியிட்ட முதல் வணிக செல்லில் கிராஃபைட் இல்லாமல், அடுக்குகள் அவ்வளவு ஒழுங்காக இல்லாத கோக் வகைக் கார்பன் இருந்ததை இதோடு சேர்த்துப் பாருங்கள்.

மின் ஸ்கூட்டர் வைத்திருப்பவர்: என் வண்டியின் பழைய பேட்டரி சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது. இந்த வி.சி.யை வாங்கி ஊசியால் உள்ளே விட்டால் சரியாகுமா? லெட் ஆசிட் பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுகிறோமே?

தயவுசெய்து வேண்டாம். லெட் ஆசிட்டில் குறைவது தண்ணீர். அதை ஊற்றினால் ஈடாகிறது. இங்கே குறைந்திருப்பது தோலுக்குள் சிக்கிக்கொண்ட லித்தியம். வி.சி. ஊற்றினாலும் அது வெளியே வராது. செல்லைத் துளைத்தால் காற்றின் ஈரம் உள்ளே போகும். அந்த உப்பும் ஈரமும் சேர்ந்தால் ஹைட்ரஜன் ஃப்ளூரைடு உண்டாகும். அது நம் உடலின் தோலையும் எலும்பையும் அரிக்கும் விஷம். துளைக்கும்போது உள்ளே ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கவும் கூடும். அடிட்டிவ் என்பது செல் பிறக்கும்போது கொடுப்பது, பிறகு கொடுக்கும் மருந்து அல்ல.

முதுநிலை வேதியியல் மாணவி: 2 சதவீதம் நல்லது என்றால் 6 சதவீதம் இன்னும் நல்லதுதானே அண்ணா?

நானும் ஆரம்பத்தில் அப்படி நினைத்து அளவைக் கூட்டிப் பார்த்தேன்மா. சூடான அறையில் வைத்த செல்கள் அழகாக ஓடின. அதே செல்களைக் குளிர்பெட்டியில் வைத்ததும் மின்னழுத்தம் சரிந்து படுத்துவிட்டது. தோல் தடிமனாகி, அயனி கடப்பதற்கே சிரமப்படுகிறது என்று அர்த்தம். அந்த நிலையில் வேகமாகச் சார்ஜ் செய்தால் லித்தியம் கிராஃபைட்டுக்குள் போகாமல் மேலேயே உலோகமாகப் படியும். அது ஆயுளையும் குறைக்கும், ஆபத்தும்கூட. ஆகவே எந்த வெப்பநிலையில், எந்த வேகத்தில் ஓடப்போகும் செல் என்று முதலில் கேளுங்கள். அளவை அப்புறம் முடிவு செய்யலாம்.

ஒன்றோடு ஒன்று சேர்க்கும்போது நடப்பது இன்னும் சுவாரசியம். தனியாகச் சுமாராக இருக்கும் இரண்டு பொருட்கள் சேர்ந்து பிரமாதமாக வேலை செய்வதுண்டு. வி.சி.யோடு கந்தகம் கொண்ட ஒரு சேர்மத்தை வைத்தால் வாயு உண்டாவதும் மின்தடை ஏறுவதும் அடங்குவதைப் பார்க்கலாம். இதைத் தாளில் கணக்குப் போட்டுச் சொல்ல முடிவதில்லை, செல் கட்டித்தான் பார்க்க வேண்டும். எனக்கு இந்த வேலை இன்னும் அலுக்காததற்கு அதுதான் காரணம்.

சிலிக்கான் ஆனோடு பற்றிப் படிப்பவர்: அங்கே எல்லோரும் எஃப்.இ.சி. என்கிறார்களே, ஏன்?

ஃப்ளூரோஎத்திலீன் கார்பனேட். கிராஃபைட் சார்ஜ் ஏறும்போது சுமார் 10 சதவீதம் வீங்கும். சிலிக்கான் மூன்று மடங்குக்குக் குறையாமல் வீங்கும். தோல் ஒவ்வொரு முறையும் வெடிக்கும், வெடித்த இடத்தில் புதுத் தோல் வேண்டும். எஃப்.இ.சி. லித்தியம் ஃப்ளூரைடும் பாலிமரும் கலந்த, கொஞ்சம் வளைந்து கொடுக்கும் தோலைத் தருகிறது. ஆனால் அது தொடர்ந்து செலவாகிக்கொண்டே இருக்கும், அதனால்தான் 5 முதல் 10 சதவீதம், சிலர் அதற்கு மேலும் போடுகிறார்கள். தீர்ந்த பிறகு செல் திடீரென்று சரியும். சூட்டில் அதுவே வாயுவையும் உண்டாக்கும்.

பள்ளி ஆசிரியர்: ஒரு அடிட்டிவ் நல்லதா என்று தெரிய வருடக்கணக்கில் சார்ஜ் ஏற்றி இறக்கிக் காத்திருப்பீர்களா ஐயா?

மாணவர்களோடு போட்டுப் பார்க்க நல்ல கணக்கு இருக்கிறது. உள்ளே போன மின்னூட்டத்தில் எவ்வளவு திரும்ப வந்தது என்பதுதான் கூலும் திறன். ஒவ்வொரு சுற்றிலும் 99.9 சதவீதம் திரும்புகிறது, மீதி நிரந்தர இழப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். 0.999ஐ 1000 முறை பெருக்கினால் 0.37தான் வரும். 99.99 என்றால் 0.90. ஒரு ஒன்பது கூடியதில் செத்த பேட்டரிக்கும் நல்ல பேட்டரிக்கும் உள்ள வித்தியாசம் வந்துவிட்டது. உண்மையான செல்லில் இழப்பு இவ்வளவு நேராகப் போவதில்லை, ஆனால் அளவு புரியும்.

ஆக, நான்காவது ஒன்பதை நம்பகமாக அளக்க முடிந்தால் வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டாம், சில வாரங்களில் நல்லதையும் கெட்டதையும் பிரித்துவிடலாம். கனடாவின் டல்ஹௌசி பல்கலைக்கழகத்தில் ஜெஃப் டான் குழு மிகத் துல்லியமான சார்ஜர்களைக் கட்டியது இதற்காகத்தான். இந்தத் துறையில் நடந்த வேலைகளில் நான் மிகவும் மதிப்பது இது.

ஒரு வாசகி: தீப்பிடிக்காமல் செய்ய ஏதும் சேர்க்க முடியாதா?

பாஸ்பேட் வகைச் சேர்மங்கள் சுடரை அடக்கும். ஆனால் 2 சதவீதம் போதாது, பத்துக்கு மேல் போட வேண்டியிருக்கும். அந்த அளவில் கிராஃபைட் மேல் உள்ள தோல் கெடுகிறது. ஓவர்சார்ஜைத் தடுக்கும் சேர்க்கைகள் இதைவிட நன்றாகக் கைகொடுக்கின்றன. பைஃபினைல் போன்றவை 4.5 வோல்ட் பக்கத்தில் பாலிமராகி வாயுவை வெளியிடும். அந்த அழுத்தத்தில் உருளை செல்லின் மூடிக்குள் இருக்கும் தொடர்பு துண்டிக்கப்படும். செல் செத்துவிடும், எரியாது.

முதுநிலை மாணவி மீண்டும்: புரொப்பேன் சல்டோனோடு வேலை செய்யப்போகிறேன். என்ன கவனிக்க வேண்டும்?

வாயுவை அடக்குவதில் நல்ல பொருள், ஆனால் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்று வகைப்படுத்தப்பட்டது. கிளவ் பாக்ஸுக்கு, அதாவது கையுறை பொருத்திய காற்றுப்புகாப் பெட்டிக்கு, வெளியே திறக்காதீர்கள். துடைத்த தாளைக்கூட மூடிய கழிவில் போடுங்கள். கலந்த எலக்ட்ரோலைட்டில் ஈரம் 20 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 20 பங்குக்கு) மேல் போனால் எந்த முடிவையும் நம்பாதீர்கள். ஒருமுறை சரியாகக் காயாத குப்பி ஒன்றால் என் மூன்று வார வேலை வீணானது. அடிட்டிவ் மோசம் என்று எழுதியே விட்டேன். மோசம் அந்தக் குப்பி.

முதலில் கேட்ட மாணவர்: கல்லூரி ப்ராஜெக்ட்டுக்கு எங்கே தொடங்கட்டும் அண்ணா?

ஒரே நாளில் கட்டிய செல்களாக இருக்கட்டும்: பாதி அடிட்டிவ் இல்லாமல், பாதி 2 சதவீதம் வி.சி.யோடு. ஒவ்வொரு வகையிலும் குறைந்தது மூன்று செல்கள் இருக்க வேண்டும். ஒற்றை செல் சொல்வதை ஏற்காதீர்கள். முதல் சார்ஜை மெதுவாக, 20 மணி நேரம் எடுக்கும் வேகத்தில் ஏற்றுங்கள். அந்தத் தரவில் மின்னழுத்தம் மாறும்போது மின்னூட்டம் எப்படி மாறுகிறது என்று வரைந்து பாருங்கள். அடிட்டிவ் இல்லாத செல்லில் எத்திலீன் கார்பனேட் சிதையும் இடத்தில் சிறு மேடு தெரியும். வி.சி. போட்டதில் அந்த மேடு அடங்கியிருக்கும். வரைந்ததும் எனக்கு அனுப்புங்கள், சேர்ந்து பார்க்கலாம்.