மகனின் ஊழியப் பயணத்துக்காக சிட்டியைத் தள்ளி எடுக்கலாமா?

கேள்வி: நாங்கள் பாறசாலைப் பக்கம் இருக்கும் தமிழ்க் குடும்பம். கணவர் ரப்பர் பால் வெட்டுகிறார். நான் களியக்காவிளைக்கு அப்பால் ஒரு முந்திரி ஆலைக்கு வேலைக்குப் போகிறேன். வெட்டு ஒழுங்காக நடக்கும் மாதங்களில் இரண்டு பேருக்கும் சேர்த்து 30,000 ரூபாய் வரும். மகனுக்கு 19 வயது, பி.காம். இரண்டாம் ஆண்டு. மகள் பிளஸ் டூ. அடுத்த ஜூனில் நர்சிங் சேர்க்க வேண்டும். எங்கள் சபை வாலிபர் சங்கத்தில் 12 பேரை அடுத்த மே மாதம் இரண்டு வாரத்துக்குக் கென்யாவுக்கு ஊழியப் பயணமாக அழைத்துப் போகிறார்கள். பிள்ளைகளுக்குப் பாட்டும் கதையும் நடத்துவது, ஒரு பள்ளிக்கூடத்துக்கு வர்ணம் அடிப்பது என்று திட்டம். ஆளுக்கு 1,40,000 ரூபாய். ஆகஸ்ட் கடைசியில் 25,000, பிப்ரவரியில் 60,000, மார்ச்சில் 55,000 கட்ட வேண்டும். மகளின் படிப்புக்காக கேரள அரசின் சீட்டு நிறுவனமான கே.எஸ்.எஃப்.இ.யில் 2 லட்சம் ரூபாய் சிட்டி (சீட்டு) போட்டிருக்கிறேன்; 40 மாதத்தில் 14 தவணை கட்டியாயிற்று. அதைத் தள்ளி (ஒரு பகுதியை விட்டுக்கொடுத்து ஏலத்தில் முன்கூட்டியே) எடுக்கவா, இல்லை ஐந்து பவுனை அடகு வைக்கவா? குவைத்தில் இருக்கும் என் நாத்தனார் 15,000 தருவதாகச் சொல்கிறார். சபையில் சிலரும் மகனுக்கு ஜீபே செய்கிறோம் என்கிறார்கள். செலவைப் பற்றிக் கமிட்டியில் கேட்டால் விசுவாசக் குறைவு என்று நினைத்துவிடுவார்களோ என்று வாயைத் திறக்கவில்லை.
— ஒரு தாய், பாறசாலை

பதில்: சகோதரி, முதலில் கடைசியில் சொன்னதை எடுத்துக்கொள்கிறேன். கேளுங்கள். உங்கள் மகனை அனுப்புவது சபை. சபை அனுப்புகிற பயணத்தின் செலவு முழுவதும் ஒரு வெட்டுத் தொழிலாளி வீட்டுத் தலையில் விழுவது நியாயம் இல்லை. 12 பேருக்கு 1,40,000 என்றால் மொத்தம் 16,80,000 ரூபாய். இவ்வளவு பெரிய தொகைக்கு ஒரு தாளில் வரவு செலவு எழுதிக் கொடுங்கள் என்று கேட்க ஒவ்வொரு பெற்றோருக்கும் உரிமை உண்டு. நல்ல கமிட்டி என்றால் நீங்கள் கேட்பதற்கு முன்னாலேயே கொடுத்திருக்கும்.

சரி, சிட்டி. அதைத் தொடாதீர்கள். ஏன் என்று கணக்கோடு பார்ப்போம். 2 லட்சம் சிட்டியை 30 சதவீதம் வரை தள்ளி எடுத்தால் கையில் வருவது 1,40,000. பயணச் செலவும் அதே தொகை. அதனால்தான் இது கர்த்தர் காட்டிய வழி போலத் தோன்றுகிறது. ஆனால் அதற்கு நீங்கள் விட்டுக்கொடுப்பது 60,000 ரூபாய். ஃபோர்மேன் (சிட்டி நடத்துபவர்) கமிஷன் போக மீதி மற்ற சீட்டுக்காரர்களுக்கெல்லாம் பிரிந்து போகும்; உங்களுக்குத் திரும்பி வருவது அதில் ஒரு சிறு துண்டு. அதோடு, சிட்டியை எடுத்த பிறகு மீதி 26 தவணைக்கு ஜாமீன் காட்ட வேண்டும். சம்பளச் சான்றிதழ் இல்லாத வீடு என்றால் நிலப் பத்திரமோ நகையோதான் கேட்பார்கள். ஆகக் கடைசியில் அந்த ஐந்து பவுனும் உள்ளே போய்விடும். முழுத் தள்ளுக்கும் பல பேர் தயாராக இருந்தால் நறுக்கு (குலுக்கல்) எடுப்பார்கள். அந்த மாதம் உங்கள் பெயர் விழும் என்ற உறுதியும் இல்லை. மகளின் சேர்க்கை வரும்போது 25 தவணை தாண்டியிருப்பீர்கள். சிட்டி முதிர முதிரத் தள்ளு பொதுவாகக் குறையும். அப்போது எடுத்தால் இதே சிட்டியில் கூடுதலான தொகை கைக்கு வரும். அது அவளுக்காகப் போட்ட பணம், அவளுக்கே இருக்கட்டும்.

நகைக் கடனும் வேண்டாம். நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டி என்று குறைவாகவே வைத்தாலும் 1,40,000க்கு மாதம் 1,400, வருடத்துக்கு 16,800. முதலைத் திருப்ப எந்த வருமானமும் இந்தப் பயணத்திலிருந்து வராது. படிப்புக்கு, தொழிலுக்கு என்று வாங்கும் கடனுக்காவது பின்னால் ஒரு வரவு உண்டு.

அப்புறம், நீங்கள் எழுதிய தவணைத் தேதிகளைப் பார்த்தபோது எனக்குக் கவலையாக இருந்தது. 1,15,000 ரூபாய் கட்டச் சொல்லியிருப்பது பிப்ரவரியிலும் மார்ச்சிலும். ரப்பர் இலை உதிர்ந்து தளிர்க்கிற காலம் அதுதான். பல தோட்டங்களில் வெட்டை நிறுத்திவிடுவார்கள். மரத்தில் உறைந்து கிடக்கும் ஒட்டுப்பால் விற்ற காசில் குடும்பம் ஓடும் மாதங்களில் இவ்வளவு பெரிய தவணை வந்தால், வட்டிக்காரர் வாசலுக்குப் போவதைத் தவிர வேறு வழி இருக்காது. தேதியைப் போட்டவர்கள் மாதச் சம்பளக்காரர்களாக இருந்திருப்பார்கள். வேண்டுமென்று செய்ததாக நான் நினைக்கவில்லை. ஆனால் உங்கள் சபையில் வெட்டுக்காரக் குடும்பங்கள் இன்னும் இருக்கும். அவர்கள் சார்பாகவும் நீங்கள் இதைச் சொல்ல வேண்டும். பால் நன்றாக ஊறுகிற அக்டோபர் முதல் ஜனவரி வரை சிறு சிறு தவணையாக வாங்கச் சொல்லுங்கள்.

உங்கள் வீட்டால் வலிக்காமல் முடிவது எவ்வளவு? செப்டம்பர் முதல் ஜனவரி வரை மாதம் 5,000 வீதம் 25,000 ஒதுக்கலாம். அதற்கு மேல் வேண்டாம், சிட்டித் தவணையும் ஓட வேண்டுமே. நாத்தனார் தரும் 15,000 உண்டு. மகன் சனி ஞாயிறுகளில் கேட்டரிங்காரர்களோடு கல்யாண வீடுகளுக்குப் பரிமாறப் போகட்டும். பாறசாலை, நெய்யாற்றின்கரை பக்கம் கல்லூரிப் பிள்ளைகள் நிறையப் பேர் போகிறார்கள். ஒரு விருந்துக்கு ஐநூறு, அறுநூறு கிடைத்தாலும் ஜனவரிக்குள் 15,000 சேர்த்துவிடுவான். தன் பயணத்தில் தன் உழைப்பும் இருப்பது அவனுக்கும் நல்லது. ஆக 55,000. மீதி 85,000 சபையின் பொறுப்பு.

எல்லாக் குடும்பமும் உங்களைப் போலத்தான் என்று வைத்துக்கொண்டால் 12 பேருக்கு சபை 10,20,000 திரட்ட வேண்டும். முடியுமா? பிரியாணி சேலஞ்ச் நடத்துவோம் என்று வாலிபர்கள் சொல்வார்கள். நடத்தட்டும். ஆனால் 120 ரூபாய் பொதி ஆயிரம் விற்று, அரிசி, கோழி, டப்பா, கேஸ், வண்டி எல்லாம் சேர்த்துப் பொதிக்கு 80 ஆனால் நிற்பது 40,000. அதை 12 ஆகப் பிரித்தால் ஆளுக்கு 3,333 ரூபாய்தான். டிசம்பரில் வீடு வீடாகப் போய்ப் பாடும் கேரலில் கொஞ்சம் வரும். அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு செவ்வாழைக் குலையை ஆளுக்கு ஆள் கூட்டி ஆயிரக்கணக்கில் எடுப்பார்கள்; அதில் ஒரு பங்கை இந்தப் பயணத்துக்கு என்று முன்கூட்டியே அறிவித்து ஒதுக்கலாம். இத்தனையும் சேர்த்தாலும் பத்து லட்சம் தொடுவது கடினம். என் யோசனை, ஆறு பேரை அனுப்புங்கள். 5,10,000 என்றால் எட்டக்கூடிய தொகை. ஒரு பள்ளிக்கூடத்துச் சுவருக்கு வர்ணம் அடிக்கவும் பிள்ளைகளோடு பாடவும் ஆறு பேர் போதும். யார் அந்த ஆறு பேர் என்பதைப் பணம் வைத்து முடிவு செய்யாமல் இருக்க வேண்டும், அதையும் கமிட்டியில் வெளிப்படையாகப் பேசுங்கள். மற்ற ஆறு பேருக்கு அடுத்த முறை.

இனி ஜீபே விஷயம். சபையார் மகனின் கணக்குக்குப் பணம் போடுவதை இன்றே நிறுத்துங்கள். உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஒரு நிதியாண்டில் வாங்கும் தொகை 50,000 ரூபாயைத் தாண்டினால், தாண்டியது மட்டும் இல்லாமல் முழுத் தொகையும் அவன் வருமானமாகக் கணக்கில் வரும். வேறு வருமானம் இல்லாத பையனுக்கு வரி கட்ட வேண்டி வராமல் போகலாம். ஆனால் பயணம் நின்றுபோனால் யாருடைய பணம் எவ்வளவு என்று அந்தப் பையன்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். 19 வயதில் அந்தப் பாரம் வேண்டாம். பணம் சபைக் கணக்குக்குப் போகட்டும், பொருளாளர் ரசீது கொடுக்கட்டும். சபையின் வழியாகச் செலவழிக்கும் முன் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும்; பதிவு பெற்ற அறக்கட்டளையின் பணத்தை இந்தியாவுக்கு வெளியே செலவு செய்தால் வரிவிலக்கில் சிக்கல் வரும்.

நாத்தனாரின் பணம் இந்தக் கணக்கில் சேராது. பெற்றோரின் உடன்பிறந்தவர் வரிச் சட்டப்படி உறவினர். அவர் தருவதற்கு வரி இல்லை, வெளிநாட்டிலிருந்து அனுப்பினாலும் தடை இல்லை. ஆனால் கென்யாவிலிருந்தோ வேறு நாட்டிலிருந்தோ ஒரு சபை பணம் அனுப்பி உதவுகிறோம் என்றால் கதை வேறு. அது வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்துக்குள் வரும். அதற்கான பதிவும், டெல்லி ஸ்டேட் வங்கியில் தனிக் கணக்கும் இல்லாமல் யாரும் வாங்கக் கூடாது. அவர்கள் உதவ விரும்பினால் தங்கும் இடத்தையும் சாப்பாட்டையும் அங்கேயே பார்த்துக்கொள்ளச் சொல்வதுதான் எளிது. அப்படிச் செய்தாலே ஆளுக்கு ஆகும் செலவு நன்றாகக் குறையும்.

டிராவல்ஸ்காரர் பேக்கேஜாக பில் போட்டால் அதன் மேல் டி.சி.எஸ். (முன்கூட்டியே வாங்கும் வருமான வரி) பிடிப்பார். 2025-26 நிதியாண்டில் அது 10 லட்சம் வரை 5 சதவீதமாக, அதாவது 1,40,000க்கு 7,000 ரூபாயாக இருந்தது. பட்ஜெட்டில் விகிதம் மாறும், ஆகவே பில் போடும் நாளில் எவ்வளவு என்று கேட்டுக்கொள்ளுங்கள். 1,40,000 என்பது இதைச் சேர்த்தா சேர்க்காமலா என்றும் கேளுங்கள். இது செலவு இல்லை, திரும்பி வரக்கூடிய பணம். மகன் பெயரில் பான் எடுத்து, பில் அவன் பெயரிலேயே இருந்தால், ரிட்டர்ன் தாக்கல் செய்து முழுவதும் வாங்கிவிடலாம். பான் இல்லாவிட்டால் கூடுதல் விகிதத்தில் பிடிப்பார்கள். பொருளாளர் ஒருவரின் பானில் 12 பேருக்கும் பில் போட்டால் அத்தனையும் அவர் கணக்கில் காட்டும், உங்களுக்கு ஒரு காசும் திரும்பாது. இதைக் கட்டாயம் கவனியுங்கள்.

ஆகஸ்ட் அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஒரே ஒரு தாள் வாங்குங்கள்: மகன் போக முடியாமல் போனால் எவ்வளவு திரும்பும், நுழைவு அனுமதி கிடைக்காவிட்டால் எவ்வளவு, பயணமே ரத்தானால் எவ்வளவு. குரூப் டிக்கெட்டில் பெரும்பாலும் பணம் திரும்பாது. இந்தத் தாள் வரும் வரை நாத்தனார் பணத்தைக்கூடக் கொடுக்காதீர்கள்.

கென்யா என்பதால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி கட்டாயம் போட வேண்டும். போட்ட பத்தாவது நாளிலிருந்துதான் சான்றிதழ் செல்லும். அது இல்லாமல் திரும்பி வந்தால் நம் விமான நிலையத்திலேயே ஆறு நாள் வரை தனிமைப்படுத்துவார்கள். தூத்துக்குடி துறைமுக சுகாதார அலுவலகத்தில் போடுகிறார்கள். முன்பதிவு செய்துவிட்டுப் போங்கள். ஆயுளுக்கும் ஒரு ஊசி போதும். மலேரியா மாத்திரை பற்றி டாக்டரிடம் கேளுங்கள். பயணக் காப்பீடு பெரிய தொகை இல்லை, அதில் மிச்சம் பிடிக்க வேண்டாம். மருத்துவச் செலவுக்குக் குறைந்தது 50,000 டாலர் இருக்கட்டும். உடலுழைப்பு வேலையில் அடிபட்டால் பல பாலிசிகள் தராது. ஏணியில் ஏறி வர்ணம் அடிக்கப் போகிற பிள்ளைகள் என்று சொல்லி, எழுத்தில் பதில் வாங்குங்கள்.

கைச்செலவுக்குப் பணத்தை விமான நிலையத்தில் மாற்றாதீர்கள், அங்கே விலை எப்போதும் மோசம். வங்கியில் ஃபாரெக்ஸ் கார்டில் கொஞ்சம், டாலர் நோட்டாகக் கொஞ்சம் வாங்கிக்கொள்ளட்டும். நோட்டு புதிதாக, கிறுக்கல் இல்லாமல் இருக்க வேண்டும். நுழைவு அனுமதிக்கு இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம், சுமார் 30 டாலர். போகும் நோக்கத்தை உள்ளபடி எழுதுங்கள், அழைக்கும் சபையின் கடிதத்தையும் இணையுங்கள். சுற்றிப் பார்க்க என்று எழுதிவிட்டு ஊழியத்துக்குப் போவது பிள்ளைகளை ஆபத்தில் விடும் வேலை.

பாஸ்போர்ட்டுக்கு மட்டும் இப்போதே விண்ணப்பியுங்கள். சாதாரண முறையில் 1,500 ரூபாய். கடைசி நேரத்தில் தட்கல் என்றால் இன்னும் 2,000 கூடும். எல்லைப் பக்கத்துக் குடும்பங்களில் ஆதார் தமிழ்நாட்டு முகவரியிலும் ரேஷன் கார்டு கேரளத்திலும் இருப்பதைப் பார்த்திருக்கிறேன். போலீஸ் விசாரணை நீங்கள் எழுதும் இப்போதைய முகவரிக்குத்தான் வரும். ஆதாரை முதலில் அந்த முகவரிக்கு மாற்றிவிட்டு விண்ணப்பியுங்கள். மகன் பெயரில் இனிஷியல் இருந்தால் அதை விரித்து, பத்தாம் வகுப்புச் சான்றிதழிலும் பானிலும் பாஸ்போர்ட்டிலும் ஒரே மாதிரி வரும்படி பார்த்துக்கொள்ளுங்கள். டிக்கெட்டும் அதே பெயரில் போட வேண்டும். பத்து வருடம் செல்லும் பாஸ்போர்ட். இந்த மே மாதம் போனாலும் அடுத்த முறை போனாலும் அவனுக்கு வேண்டியதுதான்.