சென்னை விமான நிலையத்திலிருந்து மாமல்லபுரம்: எதில் போவது?

கேள்வி: விமான நிலையத்திலிருந்து ரயிலிலேயே மாமல்லபுரம் போக முடியுமா?

முடியாது. மாமல்லபுரத்தில் ரயில் நிலையமே இல்லை. மெட்ரோவும் வடக்கே நகரத்துக்குள் போகிறது, நீங்கள் போகும் ஊரோ தெற்கே. கடைசிப் பகுதி எப்படியும் சாலைதான். முழுத் தூரம் சுமார் 50 கி.மீ.

கேள்வி: தனியாக வருகிறேன், ஒரு முதுகுப்பைதான். காலை எட்டு மணிக்கு இறங்குவேன். குறைந்த செலவில் எப்படிப் போவது?

உங்களுக்கு டாக்ஸி தேவையே இல்லை. விமான நிலையத்துக்கு முன்னால் போகும் ஜி.எஸ்.டி. சாலையின் மறுபுறம் திரிசூலம் ஸ்டேஷன். அங்கிருந்து மின்சார ரயிலில் நான்காவது நிறுத்தம் தாம்பரம். தாம்பரத்தில் கேளம்பாக்கம் வழியாகப் போகும் 515 மாநகரப் பேருந்தைப் பிடிக்கலாம்.

நான் என்றால் அதே பாதையில் செங்கல்பட்டு வரை போகும் ரயிலில் போய், திருக்கழுக்குன்றம் வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறுவேன். நேரம் கூடுதலாகும். ஆனால் திருக்கழுக்குன்றத்தில் இறங்கினால் மலைமேல் இருக்கும் வேதகிரீஸ்வரர் கோயிலையும், அதே மலையில் பல்லவர் குடைந்த ஒருகல் மண்டபத்தையும் பார்த்துவிட்டு அடுத்த பஸ் ஏறலாம். மாமல்லபுரத்துக் குடைவரைகளைப் பார்க்கப் போகிறவருக்கு இதைவிட நல்ல முன்னுரை கிடையாது.

கேள்வி: நள்ளிரவில் வந்து இறங்குகிறோம். வயதான பெற்றோர், மூன்று வயதுக் குழந்தை என்று ஐந்து பேர், நான்கு பெட்டிகள். ஆப் டாக்ஸி போதுமா?

இந்த நேரத்தில், இத்தனை பேரோடு, கார்தான். அதுவும் இன்னோவா மாதிரி பெரிய வண்டி. சிறிய டாக்ஸிகள் பலவற்றில் டிக்கியில் பாதி இடத்தை கேஸ் சிலிண்டரே பிடித்துக்கொள்ளும். ஆப்பில் வரும் வண்டிகளுக்கு அடுக்கு வாகன நிறுத்துமிடம் வரை போக வேண்டும், பெரியவர்களுக்கு அது சிரமம். தங்கப்போகும் விடுதியிலேயே முன்கூட்டி வண்டி சொல்லிவிடுவது நல்லது. இல்லையென்றால், வெளியே வருவதற்கு முன்பே ப்ரீபெய்டு டாக்ஸி கவுன்ட்டர்.

எதுவானாலும் ஏறும் முன் மூன்றைக் கேளுங்கள்: டோல் சேர்த்தா, இரவுக் கட்டணம் சேர்த்தா, வண்டி காலியாகத் திரும்புவதற்குத் தனிப் பணமா? ஒருமுறை அம்மாவோடு போனபோது மூன்றாவதை நான் கேட்கவில்லை. விடுதி வாசலில் பெட்டிகளை இறக்கியபின் பேரம் பேசும் நிலை வந்தது. அந்த நேரத்தில் யாராக இருந்தாலும் கேட்டதைக் கொடுத்துவிடுவார்கள்.

கேள்வி: ஈ.சி.ஆரில் (கிழக்குக் கடற்கரைச் சாலை) போகும் புதுச்சேரி பஸ்ஸில் ஏறினால்?

பகலில் சரி. பல பஸ்கள் ஊருக்குள் வராமல் பூஞ்சேரி கூட்டுரோட்டில் இறக்கிவிடும். அங்கிருந்து ஆட்டோ. கண்டக்டரிடம் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். இரவில் இது வேண்டாம்.

கேள்வி: ஞாயிறு இரவு 9 மணிக்குத் திரும்பும் விமானம். எப்போது கிளம்ப வேண்டும்?

பலரும் தவறவிடுவது இங்கேதான். போகும்போது ஒன்றரை மணி நேரத்தில் போனோமே என்று நினைத்துவிடுகிறார்கள். ஞாயிறு மாலை, கடற்கரைக்கு வந்த சென்னைவாசிகள் அத்தனை பேரும் ஈ.சி.ஆரில் வீடு திரும்புகிற நேரம். உள்நாட்டு விமானம் என்றாலும் நாலரைக்குக் கிளம்பிவிடுங்கள். கோவளத்தில் கேளம்பாக்கம் பக்கம் திரும்பி ஓ.எம்.ஆர். (பழைய மாமல்லபுரம் சாலை) பிடித்து, துரைப்பாக்கம் – பல்லாவரம் சாலையில் வரச் சொல்லலாம். ஐ.டி. அலுவலகக் கூட்டம் இல்லாததால் ஞாயிறன்று அந்த வழி பரவாயில்லை. வார நாள் மாலையில் இதைச் செய்யாதீர்கள்.

அப்புறம், கடற்கரைக் கோயிலை மாலைக்கு என்று தள்ளிவைக்க வேண்டாம். காலை ஆறு மணிக்கே திறந்துவிடுவார்கள். கிழக்கு வெயில் கல்லில் விழும்போது பார்த்துவிட்டால், மதியச் சாப்பாடு முடிந்ததும் நிம்மதியாகக் கிளம்பலாம்.